கம்பிகளைத் தாண்டி வந்த கடிதங்கள்

தேசிய மனித உரிமை ஆணையம் 1993 அக்டோபர் 12 அன்று அமைக்கப்பட்டது. இரண்டு மாதம் கழிந்து, டிசம்பர் 14 அன்று, ஆணையத்தின் பொதுச்செயலர் எல்லா மாநிலத் தலைமைச் செயலாளர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். சிறிய கடிதம்தான். காவலில் ஒருவர் இறந்தாலோ, காவலில் இருப்பவர் பாலியல் வல்லுறவுக்கு ஆளானாலோ, அந்த மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் 24 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உடனே தெரிவிக்கத் தவறினால், நடந்ததை மூடி மறைக்க முயன்றதாகவே கொள்ளப்படும். அதுவரை புகார் சொல்ல வேண்டிய பாரம் பாதிக்கப்பட்டவர் தலையில் மட்டுமே இருந்தது. அன்றிலிருந்து, சொல்ல வேண்டிய கடமை சாவியை வைத்திருப்பவருக்கும் வந்து சேர்ந்தது.

ஆணையத்தின் பணிகள் பல. அவற்றுள், காவலில் உள்ளவர்கள் மீதான பாலியல் வன்முறையைக் கண்காணிக்கும் பணி எப்படித் தோன்றியது, யார் யார் தோள்கொடுத்தார்கள், எந்த இடர்களைத் தாண்டி வளர்ந்தது என்பதைப் பதிவு செய்வது இக்கட்டுரையின் கடமை. பழைய தாள்களைப் புரட்டினால், இந்த வரலாற்றின் ஏறக்குறைய ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. 1993ஆம் ஆண்டுக் கடிதத்துக்கும் முன்னோர்கள் உண்டு. அவர்களிடமிருந்தே தொடங்குவோம்.

1970கள்: விதை விழுந்த காலம்

மகாராஷ்டிரத்தின் கிழக்கு ஓரத்தில் தேசாய்கஞ்ச் என்ற ஊர். 1972 மார்ச் 26 அன்று இரவு, ஒரு புகார் தொடர்பாக அவ்வூர்க் காவல் நிலையத்துக்கு வந்த பழங்குடிச் சிறுமியை அங்கிருந்த காவலர்கள் நிறுத்தி வைத்தார்கள். உறவினர்கள் வெளியே காத்திருந்தார்கள். உள்ளே நடந்ததுதான் பின்னாளில் ‘மதுரா வழக்கு’ என்று நாடறிந்தது. 1974இல் அமர்வு நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. 1976இல் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு தண்டித்தது. 1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. அவள் உடலில் காயம் இல்லை, கூச்சலிடவும் இல்லை. ஆகவே அவள் இசைந்தாள் என்றாயிற்று.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் சட்டப் பேராசிரியர்கள் நால்வர் இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகியோரே அந்த நால்வர். அடிபணிவது வேறு, இசைவது வேறு. இரவில், காவல் நிலையத்துக்குள், சீருடைக்காரர் முன் நிற்கும் ஓர் ஏழைச் சிறுமிக்கு மறுத்துப் பேச எங்கே இடம் என்று அவர்கள் கேட்டார்கள். தீர்ப்பு மாறவில்லை, கடிதம் மட்டும் ஊர் ஊராகப் போயிற்று. 1980 மார்ச் 8, உலகப் பெண்கள் நாளில், பல நகரங்களில் பெண்கள் அந்த வழக்கை மீண்டும் விசாரிக்கக் கோரித் தெருவில் இறங்கினார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றை எதிர்த்துப் பெண்கள் இப்படித் திரண்டதை நாடு அதற்கு முன் கண்டதில்லை.

நால்வர் கடிதம் எழுதிய அதே 1979இல் தில்லி திகார் சிறையிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. எழுதியவர் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட கைதி சுனில் பத்ரா. தமக்காக அவர் எழுதவில்லை. சக கைதி ஒருவரின் ஆசனவாயில் வார்டர் தடியைச் செலுத்திக் கொடுங்காயம் ஏற்படுத்தியதை உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குத் தெரிவித்தார். அந்தக் கைதியைச் சந்திக்க வரும் உறவினர்களிடம் பணம் கறப்பதற்காக நடந்த கொடுமை அது. காயம் தானாக ஏற்பட்டது, மூல நோயால் வந்தது என்றெல்லாம் சிறைத் தரப்பில் காரணம் சொல்லப்பட்டது. நீதிமன்றம் அந்தத் தாளையே மனுவாக ஏற்றது. ஒய்.எஸ். சிதலே, முகுல் முத்கல் ஆகிய இரு வழக்கறிஞர்களை நீதிமன்றத்தின் நண்பர்களாக நியமித்து, சிறைக்குள் போய்க் கைதியைச் சந்திக்கவும் ஆவணங்களைப் பார்க்கவும் அதிகாரம் தந்தது.

1979 டிசம்பர் 20 அன்று தீர்ப்பு எழுதியவர் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர். 1948இல் தாமே ஒரு மாதம் சிறையில் இருந்தவர். 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத்துறையைக் கவனித்தவர். கம்பியின் இருபுறமும் நின்று பார்த்தவரின் தீர்ப்பு என்பது அதன் உத்தரவுகளிலேயே தெரியும். மாவட்ட நீதிபதியும் ஆட்சியரும் சிறைகளுக்குப் போய்க் கைதிகளின் குறைகளைக் கேட்க வேண்டும். சிறைகளில் குறைதீர்ப்புப் பெட்டி வைக்க வேண்டும். அது மாவட்ட நீதிபதி, ஆட்சியர் ஆகியோரின் பொறுப்பில் இருந்து திறக்கப்பட வேண்டும். பெட்டி சிறைக்குள் இருந்தாலும் அதன் பொறுப்பு சிறைக்கு வெளியே இருப்பவர் கையில் இருக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டில்தான் பிற்காலக் கண்காணிப்பு முழுவதும் கருக்கொண்டது.

1980கள்: சட்டம் வாய் திறந்த காலம்

1982 மே மாதத்தில் பத்திரிகையாளர் ஷீலா பார்சே, முறைப்படி அனுமதி பெற்று, பம்பாய் மத்தியச் சிறையில் 15 பெண் கைதிகளைச் சந்தித்தார். அவர்களுள் 5 பேர் காவல் நிலைய லாக்கப்பில் தாங்கள் தாக்கப்பட்டதைச் சொன்னார்கள். ஷீலா பார்சே அதை உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதமாக எழுதினார். நிர்மலா நிகேதன் சமூகப்பணிக் கல்லூரியின் இயக்குநர் முனைவர் ஏ.ஆர். தேசாயைச் சிறைக்கு அனுப்பி, நீதிமன்றம் நிலையை நேரில் அறிந்தது.

நீதியரசர் பி.என். பகவதி தலைமையிலான அமர்வு 1983 பிப்ரவரி 15 அன்று தந்த தீர்ப்பு இன்றும் நம் பணியின் அடித்தளம். பெண்களுக்கெனத் தனி லாக்கப்புகள் வேண்டும். அவற்றைப் பெண் காவலர்களே காக்க வேண்டும். பெண்களைப் பெண் காவலர் முன்னிலையில்தான் விசாரிக்க வேண்டும். கைது செய்த செய்தியைச் சட்ட உதவிக் குழுவுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். நகர நீதிபதி ஒருவர் முன்னறிவிப்பின்றி லாக்கப்புகளைப் பார்வையிட வேண்டும். ரிமாண்டுக்காகக் கொண்டுவரப்படும் ஒவ்வொருவரிடமும், காவலில் துன்புறுத்தினார்களா என்று நீதித்துறை நடுவர் கேட்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தக் கேள்வியின் அருமை நீதிமன்றங்களில் நின்றவர்களுக்குத் தெரியும். பின்மாலை நேரம், மேசையில் தாள்கள் குவிந்திருக்கின்றன, கைதியின் இருபுறமும் அழைத்து வந்த காவலர்கள். நடுவர் தாளிலிருந்து கண்ணை எடுத்து, அவர்களைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, “ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்கும் அந்த அரை நிமிடத்தில்தான் பலருக்கு முதன்முதலாக வாய் திறக்க ஓர் இடம் கிடைக்கிறது. உடனே பதில் வராது. காத்திருந்து கேட்ட நடுவர்களுக்கு நம் வரலாறு கடன்பட்டிருக்கிறது.

அதே 1983இல் நாடாளுமன்றமும் நால்வர் கடிதத்துக்கு விடை சொன்னது. குற்றவியல் சட்டத் திருத்தம் காவலில் நிகழும் வல்லுறவைத் தனிக் குற்றமாக்கியது. காவலர் மட்டுமின்றிச் சிறைப் பணியாளர், காப்பகப் பணியாளர், மருத்துவமனைப் பணியாளர் ஆகியோரும் அதற்குள் வந்தார்கள். குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு. தம் பதவியைப் பயன்படுத்திக் கைதியை இணங்க வைக்கும் சிறைக் கண்காணிப்பாளருக்கும் தனிப்பிரிவு உண்டாயிற்று. சாட்சியச் சட்டத்தில் சேர்ந்த 114அ பிரிவின்படி, காவலில் இருந்த பெண் தான் இசையவில்லை என்று சொன்னால் நீதிமன்றம் அதை உண்மை என்றே கொண்டு தொடங்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதும் குற்றமாயிற்று. தேசாய்கஞ்ச் சிறுமிக்குக் கிடைக்காத நீதி, அவளுக்குப் பின்வந்தவர்களுக்குச் சட்டமாகக் கிடைத்தது.

நீதியரசர் ஏ.என். முல்லா தலைமையிலான அனைத்திந்தியச் சிறைச் சீர்திருத்தக் குழுவும் அதே ஆண்டில் அறிக்கை தந்தது. 1987இல் கிருஷ்ணய்யர், ஓய்வுக்குப் பின்னும் ஓயாமல், பெண் கைதிகள் குறித்த தேசிய நிபுணர் குழுவின் அறிக்கையை அளித்தார். அதற்கு முந்தைய ஆண்டில், மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் நிர்வாகத் தலைவர் டி.கே. பாசு, லாக்கப் மரணச் செய்திகளை இணைத்து உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அது விளைந்து பயன்தரப் பத்தாண்டு ஆயிற்று.

1990கள்: ஆணையம் பிறந்த காலம்

இந்தப் பத்தாண்டைத் தமிழ்நாடு வாச்சாத்தியின் வழியாகவே நினைவு கூரும். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள், சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் நுழைந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானார்கள். அரூர் வன அலுவலகத்தில் அடைக்கப்பட்ட ஊர் மக்கள் பின்னர் சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

அன்று 24 மணி நேர விதி இல்லை. தெரிவிப்பதற்கு ஆணையமும் இல்லை. மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் இடதுசாரி இயக்கத்தினரும் மாதர் அமைப்பினரும் நேரில் போய்த்தான் செய்தியை வெளியே கொண்டு வந்தார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி, ஊருக்குச் சென்று விசாரித்து உண்மையை அறிக்கையாக்கினார். இடதுசாரித் தலைவர் நல்லசிவன் தொடுத்த வழக்கின் வழியே 1995இல் உயர்நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. நேர்மையான ஓர் அறிக்கையும், பின்வாங்காத 18 பெண்களும், விடாத ஓர் இயக்கமும் இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வாச்சாத்தி சான்று.

இந்தச் சூழலில்தான் 1993 செப்டம்பர் 28 அன்று மனித உரிமைப் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. அக்டோபரில் ஆணையம் அமைந்தது. முதல் தலைவர் நீதியரசர் ரங்கநாத் மிஸ்ரா. முதல் பொதுச்செயலர் ஆர்.வி. பிள்ளை. தொடக்கக் கால உறுப்பினர்களில் ஒருவர் நீதியரசர் எம். பாத்திமா பீவி. 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான அவர், ஆணையத்தின் முதல் பெண் உறுப்பினராகவும் ஆனார். 1997இல் தமிழ்நாட்டின் ஆளுநராக வந்தவரும் அவரே. சர்தார் படேல் பவனில் தொடங்கிய அந்தச் சிறு அலுவலகத்திலிருந்துதான் டிசம்பர் 14 கடிதம் புறப்பட்டது. காவல் மரணங்களும் வல்லுறவுகளும் பெருகுகின்றன, நாள் செல்லச் செல்ல நடந்ததை வேறுவிதமாகக் காட்டும் முயற்சிகளும் நடக்கின்றன என்று ஆணையம் கண்டது. அதனால் முதலில் நேரத்தையே கட்டிப் பிடித்தது. 1995 ஜூன் மாதக் கடிதம் இந்தக் கடமை காவல் நிலையத்தோடு நிற்பதன்று என்றும், நீதிமன்றக் காவலில், அதாவது சிறைகளில், நிகழும் மரணங்களையும் தெரிவிக்க வேண்டும் என்றும் தெளிவுபடுத்தியது.

1996 டிசம்பரில் டி.கே. பாசுவின் கடிதத்துக்குத் தீர்ப்பு கிடைத்தது. கைதுக் குறிப்பு, உறவினருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்று அதில் சொல்லப்பட்ட நெறிமுறைகள் காவல் நிலையச் சுவர்களில் ஏறின. அந்த அமர்வில் இருந்து தீர்ப்பெழுதிய நீதியரசர் ஏ.எஸ். ஆனந்த் 2003இல் ஆணையத்தின் தலைவராகவே வந்தார்.

மாநிலங்களிலும் கிளைகள் தழைத்தன. தமிழ்நாடு மாநில மனித உரிமை ஆணையம் 1997 ஏப்ரல் 17 அன்று தோன்றியது. சென்னை பசுமைவழிச் சாலையில் ‘திருவரங்கம்’ என்னும் அதன் கட்டடம் நம்மில் பலருக்கும் பழகிய இடம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததால், இலவச வழக்கறிஞர் சிறை வாசல் வரை வர வழி பிறந்தது. 1999இல் தேசிய ஆணையம் உலக அளவில் ‘ஏ’ தகுதி பெற்றது.

2000கள்: கதவுகள் திறந்த காலம்

நீதியரசர் எம்.என். வெங்கடாசலய்யா, அவருக்குப் பின் நீதியரசர் ஜே.எஸ். வர்மா ஆகியோரின் தலைமையில் ஆணையம் சிறைகளின் பக்கம் கூடுதலாகப் பார்வையைத் திருப்பியது. இந்தப் பத்தாண்டின் பெரும் பேறுகள் சட்ட வழியில் வந்தவை. 2005இல் நிறைவேறி 2006 ஜூன் 23 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தம், காவலில் ஒருவர் இறந்தாலோ, காணாமற் போனாலோ, பெண் ஒருவர் வல்லுறவுக்கு ஆளானதாகப் புகார் எழுந்தாலோ, காவல்துறை விசாரணையோடு நீதித்துறை நடுவரின் விசாரணையும் கட்டாயம் என்றது. பாதிக்கப்பட்டவருக்கு 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை என்ற விதியும் அதே திருத்தத்தில் வந்தது. ஆணையத்தின் கடிதத்தில் இருந்த 24 மணி நேரக் கணக்கு இப்போது சட்டப் புத்தகத்திலும் இடம் பெற்றது.

2006இல் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் வந்த இன்னொரு திருத்தம் அளவில் சிறியது, பயனில் பெரியது. அதுவரை ஆணையம் ஒரு சிறையைப் பார்வையிட வேண்டுமானால் மாநில அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். திருத்தம் அந்தச் சொற்களை நீக்கியது. வருகிறோம் என்று சொல்லி வருவோருக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர் தெரியும். சொல்லாமல் வருவோருக்குச் சிறை தெரியும். பார்வையாளராகச் சிறைக்குள் போய்வந்த எவரும் இதை ஒப்புவர். அதே ஆண்டு ஏப்ரலில் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறையில் தாயோடு வாழும் குழந்தைகளுக்கும் கருவுற்ற கைதிகளுக்கும் நெறிமுறைகளை வகுத்தது.

2010கள்: காத்திருப்பு கனிந்த காலம்

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் வாச்சாத்தித் தீர்ப்பை அளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டார்கள். 17 பேர் மீது வல்லுறவுக் குற்றம் உறுதியாயிற்று. ஒருவர்கூடத் தப்பாத தீர்ப்பு.

2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கூட்டு வல்லுறவுக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட மூவர் குழுவுக்குத் தலைமையேற்றவர், ஆணையத்தின் முன்னாள் தலைவர் ஜே.எஸ். வர்மாவே. லைலா சேத், கோபால் சுப்பிரமணியம் ஆகியோருடன் சேர்ந்து 29 நாளில் அறிக்கையை முடித்தார். சில மாதங்களில், 2013 ஏப்ரலில், மறைந்தார். தம் 80ஆம் வயதில் அவர் நாட்டுக்கு விட்டுச் சென்ற கடைசிப் பணி அது. அதைத் தொடர்ந்து வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், புகாரைப் பதிய மறுக்கும் காவல் அதிகாரியைத் தண்டனைக்குரியவராக்கியது. வல்லுறவுக் குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டியதில்லை என்றது. பாதிக்கப்பட்டவருக்கு எல்லா மருத்துவமனைகளும் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்றது. குழந்தைகளுக்கான 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டமும் சிறை, காப்பகப் பணியாளர் செய்யும் குற்றத்தைக் கடுங்குற்றமாக்கியது. தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதைக் குற்றமாக்கியது.

கடிதங்களின் வரிசை நின்றுவிடவில்லை. 2013 ஜூனில் முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.சி. லகோட்டி, நாட்டின் 1,382 சிறைகளின் நிலை குறித்து எழுதிய கடிதம் பொதுநல வழக்காயிற்று. நீதியரசர் மதன் பி. லோகூர் தலைமையிலான அமர்வுகள் பல உத்தரவுகளைப் பிறப்பித்தன. 2018இல் நீதியரசர் அமிதவ ராய் தலைமையில் சிறைச் சீர்திருத்தக் குழுவும் அமைந்தது. 2016ஆம் ஆண்டு மாதிரிச் சிறை விதித்தொகுப்பு பெண் கைதிகளுக்கான பாதுகாப்புகளை விரிவாக்கியது.

2020களும் நாமும்

2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா பொருத்தி, பதிவுகளை நெடுநாள் பாதுகாக்க உத்தரவிட்டது. 2022இல் உள்துறை அமைச்சகம் திருநர் கைதிகளின் பாதுகாப்பு குறித்து மாநிலங்களுக்கு அறிவுரை அனுப்பியது. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தபோதும், காவல் வல்லுறவு பற்றிய பிரிவுகளும் நடுவர் விசாரணையும் புது எண்களோடு தொடர்கின்றன. சிறைக்குள் சட்ட உதவி மையங்கள் இயங்குகின்றன; 15100 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்தால் சட்ட உதவி கிடைக்கிறது.

2023 மார்ச்சில், வாச்சாத்தி மேல்முறையீடுகளை விசாரித்த சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் பி. வேல்முருகன், தாள்களோடு நின்றுவிடாமல் அந்த ஊருக்கே போய் மக்களைச் சந்தித்தார். செப்டம்பர் 29 அன்று, கீழ் நீதிமன்றத் தீர்ப்பு வந்த அதே தேதியில், தண்டனைகளை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு. அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே பெற வேண்டும் என்றார். 1992இல் இளம்பெண்களாக இருந்தவர்கள் நடுவயதைக் கடந்துவிட்டிருந்தார்கள்.

31 ஆண்டு அவர்கள் நடந்த வழியைத்தான் ஆணையத்தின் கடிதம் 24 மணி நேரமாகச் சுருக்கக் கனவு கண்டது. இன்று இந்தப் பணியில் இருக்கும் நாம் ஒவ்வொருவரும் அந்தக் கடிதத்தின் வாரிசுகள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அறிக்கை தட்டச்சு செய்யும் உதவியாளரும், புகார்ப் பெட்டியைத் திறக்க மாவட்ட நீதிபதியோடு சிறைக்குள் போகும் எழுத்தரும், பெண்கள் சிறையில் வாரந்தோறும் மனுக்களை எழுதித் தரும் சட்டத் தன்னார்வலரும் அவர்களுள் அடக்கம். திகாரில் தூக்குத் தண்டனைக் கைதி ஒருவர் தம் உயிரைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் பக்கத்து ஆளின் காயத்தைப் பற்றி எழுதி அனுப்பினார். பெட்டி திறக்கும்போது கையில் கிடைக்கும் கசங்கிய தாளை நாம் விரித்துப் படிப்பது அவரிடமிருந்து வந்த பழக்கம்.